தூளி கட்டிய மூலை

சவுக்குக் கட்டையில் நேர்க்கட்டை என்று ஒன்று கிடையாது அய்யா. கண்ணுக்கு நேராகத் தெரிவதுகூட எங்கேயாவது ஓரிடத்தில் லேசாக முதுகு வளைந்துதான் இருக்கும். வளைவு எந்தப் பக்கம் என்று பார்த்து, பக்கத்துக் கட்டையோடு சேர்த்துக் கட்டிவிட்டால் போதும், தாங்கிக்கொள்ளும். இத்தனை வருஷத்தில் வளைவைப் பார்த்து நான் ஒரு கட்டையையும் ஒதுக்கியது கிடையாது.

ஸ்டேஷன் ரைட்டரை எழுதச் சொல்லட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம், நானே எழுதுகிறேன். என் பெண்சாதி அருள்மேரி படுக்கையில் விழுந்த பிறகு பொழுது போகாமல் எனக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்து. மெதுவாக வரும். நீங்கள் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

என் பெயர் கதிரேசன். வீடு கடப்பேரியில். சென்ட்ரிங் வேலை. வேதாசலம் மேஸ்திரி செட்டில்தான் ரொம்ப நாளாக இருக்கிறேன். அவரைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவரை அனுப்பிவிடலாம். சர்க்கரை வியாதிக்காரர், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். கட்டையை எடுத்தது நான். அவருக்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். கான்கிரீட் தளம் போடுவதற்கு முன்னால் கீழே தகடு அடிப்போம். அந்தத் தகட்டைத் தாங்குவதற்குச் சவுக்குக் கட்டைகளை வரிசையாக முட்டுக் கொடுப்போம். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ஜோடி மர ஆப்பு. எதிரும் புதிருமாகத் தட்டத் தட்டக் கட்டை மேலேறித் தகட்டை இறுக்கிப் பிடிக்கும். தளம் காய்ந்து கெட்டியானதும் ஆப்பைத் தட்டிவிட்டால் கட்டை குழந்தை மாதிரி கைக்கு வந்துவிடும். வீடு முடிந்து பால் காய்ச்சும்போது நாங்கள் நிறுத்தியது ஒன்றுகூட அங்கே இருக்காது.

கட்டையைத் தட்டிப் பார்க்கிற பழக்கம் ஒன்று எங்களுக்கு உண்டு. பாரம் ஏறிய கட்டையைச் சுத்தியலால் தட்டினால் இறுகிப்போன சத்தம் வரும். பாரமில்லாமல் சும்மா நிற்கிற கட்டை பொத்தென்று சொல்லும். பிரிக்கும்போது சும்மா நிற்பதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். நான் அப்படித்தான் எடுத்தேன். இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலை நடந்தது சிட்லபாக்கத்தில், ஏரிக்குப் போகிற தெருவில். ரிட்டயர் ஆன வங்கிக்காரர் ஒருவர் கட்டுகிற வீடு. கீழே பெரிய ஹால். நடுவில் தூண் வந்தால் சோபா போட முடியாது என்று அவர் வீட்டம்மா சொல்லிவிட்டார். தூண் இல்லை என்றால் தளம் கெட்டிப்பட்டாலும் மாடிச் சுவர் ஏறி முடிகிற வரைக்கும் எல்லாம் எங்கள் கட்டைமேல்தான். தளம் போட்ட அன்று வழக்கம்போல ஆட்களுக்கெல்லாம் வீட்டுக்காரர் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். என் பொட்டலத்தைப் பிரிக்காமல் அருள்மேரிக்கு எடுத்துப் போனேன். அவளைச் சாய்த்து உட்கார வைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து ஒரு சில்லு பெயர்ந்து இலைமேல் விழுந்தது. தேங்காய்ச் சில்லு அளவுதான் இருக்கும். அவள் அதை எடுத்துப் பார்த்தாள். கறித்துண்டு என்று நினைத்திருப்பாள். அப்புறம் மேலே பார்த்தாள். அன்றிலிருந்துதான் ஆரம்பம்.

எங்கள் வீட்டுக் கூரை நாங்களே போட்டது. நான் முட்டுக் கொடுத்தேன், அவள் சட்டி தூக்கினாள். அங்கங்கே வேலை செய்த இடத்தில் மிச்சமான கம்பி, இறுகிப்போகிற நிலையில் இருந்த சிமெண்ட். மழை பெய்து பெய்து உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிவிட்டது. கம்பி உப்பினால் அடிப்பூச்சு கழன்று விழும். அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எழுந்து நடக்கிறவர்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை. கட்டிலை நகர்த்திக்கொள்வார்கள், ரொம்பப் பயமாக இருந்தால் வெளியே போய் நிற்பார்கள். அருள்மேரி பெருங்களத்தூரில் ஒரு கட்டடத்தில் கான்கிரீட் சட்டியோடு சாரத்திலிருந்து விழுந்தவள். இடுப்புக்குக் கீழே அவளுக்கு ஒன்றும் கிடையாது. மல்லாந்து படுத்தவளுக்குப் பார்ப்பதற்கு வேறென்ன இருக்கிறது, கூரைதான்.

"யோவ், மேல பாரு. அந்தக் கீறலு நேத்து லைட்டாண்ட இருந்துச்சு. இன்னிக்கு என் மூஞ்சிக்கு நேரா வந்துகீது."

"அது பழைய கீறல்டி. எங்கயும் வரல."

"உனுக்கு இன்னா. காத்தால சுத்தியத் தூக்கிகினு பூடுவ. நான்தான் இத்தைப் பாத்துகினு கெடக்கணும். இடிஞ்சா உனுக்கு நல்லதாப் போச்சு, வேற ஒருத்தியக் கட்டிப்ப."

"உன்னக் கட்டிகினதே பேஜாரா கீது. இன்னொண்ணு வேறயா."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். அன்று ராத்திரி தூங்கவில்லை. மறுநாளும் தூங்கவில்லை. கூரையில் பல்லி ஓடினாலும் என் பெயரைச் சொல்லிக் கத்துவாள். வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் போன் போடுவார்கள். ஓடி வருவேன். ஒன்றும் இருக்காது. சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். தட்டை முகத்துக்கு மேலே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே படுத்திருப்பாள். கை வலிக்கும், தட்டு முகத்தில் விழும், மறுபடி எடுத்துப் பிடித்துக்கொள்வாள்.

கூடுவாஞ்சேரியில் அவள் தங்கச்சி ரோஸி இருக்கிறாள். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். ரோஸி நல்ல பெண்தான். ஆனால் பெட் பான் எடுக்கிற நேரம் பார்த்து அவள் புருஷன் வாசலில் போய் நின்றுகொள்வான். ஒரு வாரத்தில் திரும்பிவிட்டோம். சர்ச்சில் கேட்டேன். ஹாலில் பிள்ளைகளுக்கு விடுமுறை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வேறு இடம் இல்லை அய்யா. இருந்திருந்தால் இந்தப் பேப்பரை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

திரும்பி வந்த அன்று சொன்னாள். "எலி மருந்து வாங்கியாந்து குடுத்துடு. நானா தின்னுட்டுப் போறேன். மேலருந்து எப்ப வுழும் எப்ப வுழும்னு பாத்துகினு சாவறதுக்கு அது எவ்ளோ தேவல." கோபமாகச் சொல்லவில்லை. கடையில் உப்பு வாங்கி வா என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

நான் மேஸ்திரியிடம் போய் ஒரு கட்டை கேட்டேன்.

"எடுத்துகினு போடா. அந்தக் கோணக் கட்டை ஒண்ணு கீது பாரு, அத எடுத்துக்கோ. வாடகைக் கட்டை, எண்ணித்தான் வாங்கிகினு போவான். ரெண்டாவது கேக்காத" என்றார்.

ரெண்டாவது நான் கேட்கவில்லை. அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன்.

கட்டையைக் கொண்டுபோக சானடோரியத்தில் பழைய மரக்கடை வைத்திருக்கிற முஸ்தபா அண்ணன் தன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியைக் கொடுத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கட்டையை நிறுத்தி, அடியில் ஆப்பு வைத்து, கூரையோடு சேர்த்து இறுக்கினேன். அருள்மேரி கையை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தாள். கோணக் கட்டைதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள். எத்தனை நாளுக்குப் பிறகு தூங்குகிறாள். நான் கீழே உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நானும் சாப்பிட்டேன்.

அந்தத் தூக்கம் சில நாள்தான் நின்றது. "கால்மாட்டுல ஒண்ணு வெச்சா நல்லாருக்கும்யா. தலைக்குத்தான் காவல் கீது, காலுக்கு இல்ல" என்றாள். கால் அவளுக்கு உணர்ச்சியே இல்லாத கால். அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுபடி அந்த எலி மருந்துப் பேச்சு வரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிட்லபாக்கம் போனேன். ஞாயிறு வேலை கிடையாது. அங்கே வாட்ச்மேன் குடும்பம் மட்டும்தான் இருக்கும். தயாளன், அவன் பெண்சாதி சந்திரிகா, தமிழினி என்று கைக்குழந்தை. செஞ்சிப் பக்கம் ஊர். கட்டுகிற வீட்டிலேயே ஒரு பக்கமாகச் சேலையைத் தடுப்புக் கட்டிக் குடியிருப்பார்கள். எல்லா சைட்டிலும் வாட்ச்மேன்கள் அப்படித்தான். வேலை நகர நகர அவர்களும் அறை அறையாக நகர்ந்துகொள்வார்கள். அப்போது அவர்கள் இருந்தது ஹாலில், அந்தப் பெரிய தளத்துக்கு அடியில். தயாளன் பகலில் குரோம்பேட்டையில் மூட்டை தூக்கப் போய்விடுவான்.

நான் தட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். பின்வரிசையில் ஒரு கட்டை பொத்தென்றது. ஆப்பைத் தட்டினேன்.

"இன்னாண்ணா, ஞாயித்துக்கெழமைல கட்டையப் புடுங்கறீங்க. மேல ஒண்ணும் ஆவாதே?" என்று சந்திரிகா கேட்டாள்.

"தளம் கெட்டி ஆயிடுச்சும்மா. மேஸ்திரிதான் சும்மா நிக்கறத எடுக்கச் சொன்னாரு."

"அப்ப சரி. இருங்க இருங்க, கீழப் போட்டு சத்தம் பண்ணிடாதீங்க. இப்பதான் இவ தூங்குனா. இவ எழுந்தா அப்பறம் ஊரே எழுந்துக்கணும்." ஓடிவந்து அவளே கட்டையைத் தாங்கிப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே கீழே கிடந்த ஆப்பைப் பார்த்தாள். "இந்த ஆப்பு வேணுமாண்ணா? காஞ்சி கெடக்குது. அடுப்புக்கு நல்லா எரியும்."

எடுத்துக்கொள்ளச் சொன்னேன். என் வீட்டுக்கு ஆப்பு நானே செதுக்கிக்கொள்வேன். அன்று அவள் அந்த ஆப்பை எரித்துத்தான் சோறு பொங்கினாள். போகும்போது, "நல்ல ஆப்புண்ணா. அடுத்த தபா எப்ப வருவீங்க?" என்று சிரித்தாள். இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், நான் திருட்டுத்தனமாக எடுத்ததாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அவளுக்குத் தெரிந்துதான் எடுத்தேன். பிற்பாடு வந்தபோதெல்லாம் அவள்தான் பிடித்துக்கொண்டாள். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் கட்டை. அவளுக்கு ஆப்பு, எனக்குக் கட்டை. யாருக்கும் நஷ்டம் இல்லாமல் நடந்த காரியம்.

முஸ்தபா அண்ணன் ஒருநாள் கேட்டார். "இன்னா கதிரேசா, வாரா வாரம் கட்டை ஏத்திகினு போற. வூட்டாண்ட பந்தல் போடறியா? கல்யாணம் காதுகுத்து எதுனா இருந்தா பத்திரிகை வைப்பா."

"கூரைக்கு முட்டுக் குடுக்கறேன் பாய்."

"அல்லா. நீ முட்டுக் குடுக்கற கணக்குக்குக் கூரைய எடுத்துட்டு மாடி கட்டிடலாமே" என்றார்.

சும்மா தமாஷுக்குச் சொன்னதுதான். ஆனால் வீட்டுக்குள் நுழைந்தபோது எனக்கே அப்படித்தான் இருந்தது. கட்டிலைச் சுற்றிக் கட்டை, வாசலை ஒட்டிக் கட்டை, அடுப்புக்குப் பக்கத்தில் கட்டை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமென்றால் பக்கவாட்டில் நெளிந்துதான் போக வேண்டும். அருள்மேரி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். தலைமாட்டில் இருப்பது அந்தோணியார். கால்மாட்டில் இருப்பது செபஸ்தியார். கோணக் கட்டைக்கு என் பெயர்.

நீங்கள் கூட்டிவந்த பொறியாளர் என் வீட்டில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கூரை அப்படியொன்றும் விழுகிற நிலையில் இல்லை, அடிப்பூச்சுதான் கழன்றிருக்கிறது, இதில் ஒரு கட்டைகூடப் பாரம் தாங்கவில்லை என்று சொன்னாராம். அவர் சொன்னது சரி. எனக்குத் தெரியும். தட்டிப் பார்க்காமல் எந்தக் கட்டையையும் நான் நிறுத்துவது கிடையாது.

சிட்லபாக்கத்தில் கட்டை குறைந்தது வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டேன். முன் இரண்டு வரிசையைத் தொடவில்லை. வாசலில் நின்று பார்த்தால் ஹால் முழுக்கக் கட்டை இருக்கிற மாதிரிதான் தெரியும். சைட் எஞ்சினியர் ஜோஷ்வா சார் சின்ன வயசு. நல்ல மாதிரி. வாசலில் நின்று, "எல்லாம் இருக்குல்ல கதிரேசண்ணா?" என்று கேட்பார். "இருக்கு சார்" என்பேன். ஷூவில் மண் ஒட்டும் என்று உள்ளே வர மாட்டார். அவர்மேல் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. நான் இருக்கும்போது அவர் எதற்காக உள்ளே வர வேண்டும்.

அதற்குப் பிறகு மாடிச் சுவருக்குச் செங்கல் வந்தது. ஏற்றுகிற ஆட்களிடம், "ஓரமா, சுவத்த ஒட்டி அடுக்குங்கப்பா" என்று சொன்னேன். "எங்க அடுக்கனா இன்னாண்ணா, கல்லு கல்லாத்தான் இருக்கும்" என்று ஒருவன் சொல்லிவிட்டு நடுவிலேயே அடுக்கினான். அவர்களுக்கு அதுதான் கிட்டத்தில் இருந்தது. மணலையும் அங்கேயே கொட்டினார்கள். நான் மறுபடி சொல்லவில்லை. மறுபடி சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வரும். கட்டைகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வார்கள். அருள்மேரியின் கையிலிருந்து அந்தோணியாரைப் பிடுங்கி எடுக்க வேண்டும். அதை யார் செய்வது.

செங்கல் ஏறிய பிறகு சந்திரிகா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அண்ணா, மேலருந்து தூளு கொட்டுது. நேத்து கொழம்புல கொட்டுச்சு. இந்தத் தகடு வயிறு தள்ளுன மாதிரி கீது பாருங்க. எனக்குப் பயமா கீதுண்ணா. நாங்க வெளிய மரத்தாண்ட பாய் போட்டுப் படுத்துக்கறோம்."

நான் மேலே பார்த்தேன். தகடு இறங்கித்தான் இருந்தது. நிறையக் கட்டடம் பார்த்திருக்கிறேன். எனக்கு அது தெரியாமல் இல்லை.

வெளியே படுத்தால் காலையில் ஜோஷ்வா சார் வந்து பார்ப்பார். ஏன் வெளியே படுத்திருக்கிறீர்கள் என்று கேட்பார். அவள் வெள்ளைமனசுக்காரி, தூள் கொட்டுது சார் என்று சொல்லிவிடுவாள். அவர் அப்போது ஷூவைப் பார்க்க மாட்டார், உள்ளே வந்துவிடுவார். ஆகையால் நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

"ஏரிப் பக்கம்மா இது. ராவுல கொசு எப்படிக் கீது பாத்தியா? போன மாசம் பின்தெருவுல ஒரு கொழந்தைக்கு டெங்கு வந்து ரத்தம் ஏத்துனாங்க. பச்சப் புள்ளய வெளிய போட்டுப் படுக்காத. புதுத் தளம்னா தூளு கொட்டத்தான் கொட்டும்."

"நெசமாவாண்ணா?"

"நான் எத்தினி தளம் போட்டிருப்பேன். என்னாண்ட கேக்கறியே."

அவள் முகம் தெளியவில்லை. அதனால் இன்னொன்றும் செய்தேன். குழந்தையின் தூளி நடு ஹாலில் கட்டியிருந்தது. அதை அவிழ்த்து, மூலையில், இரண்டு சுவர் சேர்கிற இடத்தில் இருந்த இரண்டு கட்டைகளுக்கு இடையே கட்டிக் கொடுத்தேன். நன்றாக இழுத்துப் பார்த்துக் கட்டினேன். "பாத்தியா, இந்தக் கட்டைல புள்ளயத் தொங்க விடறேன்னா எவ்ளோ நம்பிக்கை இருக்கணும் எனக்கு" என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"அப்ப நான் எங்கண்ணா படுக்கறது? அந்த மூலைல சிமெண்ட் மூட்டையால்ல அடுக்கிக் கீது."

"நீ உன் எடத்துலயே படுத்துக்கோ. தூளிக் கயித்த நீளமா விட்டிருக்கேன். அங்கருந்தே ஆட்டிக்கலாம்."

கயிறு நீளமாக விட்டதற்கு நன்றி சொன்னாள்.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். இடியும் என்று தெரியாது என்கிறாயே, பிறகு ஏன் உள்ளே அந்த மூலையிலிருந்து மட்டும் ஒரு கட்டையைக்கூட எடுக்கவில்லை என்று. ராத்திரி யோசித்துப் பார்த்தேன். அங்கே குழந்தை இருந்தது, அதனால் எடுக்கவில்லை. இது தப்பான பதில் இல்லையே. இடிந்த பிறகும் அந்த மூலை அப்படியே நின்றது. தூளி ஆடிக்கொண்டிருந்ததாம். தமிழினி உயிரோடு இருக்கிறாள் என்றால் அதற்குக் காரணம் யார் என்று நீங்கள் எழுதுகிற இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மூட்டைகளை நகர்த்தியிருந்தால் தாய்க்கும் அங்கே இடம் இருந்திருக்கும் என்று சொல்வீர்கள். இருந்திருக்கும். சிமெண்ட் மூட்டையை நகர்த்தினால் காலையில் கேள்வி வரும்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். என் வீட்டில் இருக்கும் கட்டைகளைச் சாட்சிப் பொருள் என்று எடுத்துப் போகப் போகிறீர்கள் என்று ரோஸி வந்து சொன்னாள். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், நம்பர் போட்டுக்கொள்ளுங்கள். எடுக்காதீர்கள். நான் ஜெயிலுக்குப் போகிறேன். தூக்கு என்றாலும் சரி. அவள் அந்தக் கூரையை வெறுமனே பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடியாது. அதற்காகத்தான் நீங்கள் இன்னும் கேட்காததையும் எழுதிக் கொடுக்கிறேன்.

அன்று காலையில் அருள்மேரி ஜன்னல் பக்கம் காட்டினாள். "அங்க மட்டும் வெறிச்சுனு கீதுய்யா. அங்க ஒண்ணு வெச்சிட்டா அப்பறம் நான் கேக்கவே மாட்டேன். மாதா மேல சத்தியமா." ராத்திரி முழுக்க அந்த ஒரு இடத்தையே பார்த்திருக்கிறாள். கண் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தது. உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

சாயங்காலம் வெயில் தாழ சிட்லபாக்கம் போனேன். தயாளன் தெருமுனை டீக்கடையில் இருந்தான். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன். உள்ளே சந்திரிகா படுத்திருந்தாள். லேசான காய்ச்சல் என்று மத்தியானமே படுத்துவிட்டாளாம். தூளிக் கயிறு அவள் கையில் சுற்றியிருந்தது. எழுப்ப மனசு வரவில்லை. கட்டையைப் பிடிக்க ஆள் இல்லாமல் நானே பார்த்துக்கொண்டேன்.

ஒவ்வொன்றாகத் தட்டினேன். சும்மா நிற்கிற கட்டை ஒன்றுகூட இல்லை. எல்லாம் இறுகிப்போய் இருந்தன. சும்மா நின்றதையெல்லாம் நான் எடுத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தவைதான் எடுத்தவற்றின் பாரத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தன. திரும்பிப் போயிருக்கலாம். வெறுங்கையோடு போனால் அருள்மேரி ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் பார்ப்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நடுவில், சந்திரிகாவின் பாய்க்கு ஒரு கை தூரம் தள்ளி ஒரு கட்டை இருந்தது. நல்ல கட்டை, நேர்க்கட்டை என்றே சொல்லலாம். அதன் ஆப்பைத் தட்டினேன். வரவில்லை. பலமாகத் தட்டினேன். ஆப்பு வெளியே வந்தது, கட்டை நகரவில்லை. மேலேயிருந்து அழுத்திப் பிடித்திருந்தது. அடிப்பக்கம் பார்த்து ஓங்கி அடித்தேன், வந்துவிட்டது. மேலே தகட்டில் படபடவென்று ஏதோ விட்டுப்போகிற சத்தம் கேட்டது. தூள் கொட்டியது. சந்திரிகா முகத்தில்கூடக் கொட்டியது. அவள் கையால் துடைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.

கூப்பிட நேரம் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. நான் கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்து, மீன்பாடி வண்டியில் வைத்து, கயிறு போட்டுக் கட்டினேன். அவ்வளவு நேரம் இருந்தது. வண்டியை மிதித்துத் தெருவுக்கு வந்தபோதுதான் பின்னால் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரிதான்.

டீக்கடையிலிருந்து எல்லோரும் ஓடினார்கள். தயாளன் உள்ளே போய்விட்டு உடனே வெளியே ஓடிவந்தான். உடம்பெல்லாம் வெள்ளை. "உயிரு கீது, பேசறா, பேசறா, தளம் கால்மேல கெடக்குது" என்று எல்லோரிடமும் சொன்னான். "கட்டை, யாராச்சும் கட்டை கொண்டாங்க, நெம்பித் தூக்கிடலாம்." உள்ளே இருந்த கட்டைகள் எல்லாம் தளத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டன. மூலையில் நின்றவற்றைத் தொட ஆட்களுக்குத் தைரியம் இல்லை, தொட்டால் மிச்சத் தளமும் இறங்கும், அங்கேதான் தூளி தொங்கியது. அப்போது அவன் என் வண்டியைப் பார்த்தான்.

"அண்ணா. அண்ணா, அந்தக் கட்டையக் கொண்டாங்கண்ணா."

ஜனங்கள் வழி விட்டார்கள். "கட்டை வருது, வழி வுடு, வழி வுடு" என்று யாரோ கத்தினார். நான் சொன்னேன், "வண்டியத் திருப்பிகினு வரேன், நீ போய் அவளாண்ட பேசிகினே இரு." அவன் நம்பி உள்ளே போனான்.

நெம்புவதற்கு அதைவிட நல்ல கட்டை கிடைக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நெம்பினால் நடுவில் முறிந்துவிடும். முறிந்தால் அருள்மேரிக்கு என்ன கொண்டுபோவது என்று இருந்தது.

கட்டை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போன ஆள் யார் என்று தயாளன் உங்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறானாம். கண்ணெல்லாம் புழுதி, பதற்றத்தில் கட்டை ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்தது, என் முகம் தெரியவில்லை. தயாளனிடம் சொல்லிவிடுங்கள். அது நான்தான். ஃபயர் சர்வீஸ் வந்து சேருவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு வரைக்கும் சந்திரிகா பேசிக்கொண்டிருந்தாள் என்றும், பிள்ளை அழுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்றும், கட்டை வந்துவிட்டதா என்றும் கேட்டாள் என்றும் அப்புறம் கேள்விப்பட்டேன்.

நான் வண்டியைத் திருப்பினேன். சானடோரியம் பக்கம் திருப்பினேன். தண்டவாளத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். ஜன்னல் பக்கம் கட்டையை நிறுத்தி, ஆப்பு வைத்து இறுக்கினேன். தட்டிப் பார்த்தேன். அருள்மேரி ஒவ்வொரு பக்கமாகத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். வெறுமையாக ஓரிடமும் இல்லை. "இப்பதான்யா நிம்மதியா கீது" என்றாள். கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

நான் கெட்டவன் இல்லை அய்யா. என் கண்ணெதிரே ஒரு பொம்பளை பயந்து சாவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.